கன்னியாவா, திரியாயா?

பிள்ளைகளோடு ஓர் இரவு காட்டோரம் கூடாரம் போட வேண்டும் என்றால் இந்த இரண்டு ஊர்ப் பக்கம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

கன்னியா கிட்ட. திருகோணமலை டவுனிலிருந்து அனுராதபுரம் வீதியில் சுமார் 8 கிலோமீட்டர். சதுரமாகக் கட்டிய ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. விடியற்காலையில் முதல் வாளித் தண்ணீரை மேலில் ஊற்றினால் இரவு தரையில் படுத்த அலுப்பு போய்விடும். தாயின் ஈமக் கடமைக்காக இராவணன் உண்டாக்கிய ஊற்று என்பது கதை. எங்கள் சனம் இன்றும் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே வரும். அதனால் பாட்டுப் போட்டுக் கூத்தடிக்க வேண்டாம்.

திரியாய் வடக்கே 40 கிலோமீட்டருக்கும் மேல். ஆனாலும் என் மனம் அங்கேதான். கல்படி ஏறினால் குன்றின் மேல் சிறிய தூபி, அதைச் சுற்றி வட்டமாகக் கல்தூண்கள். பாறையில் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று, வணிகர் இருவரின் பெயரோடு. தூணில் கை வைத்தால் வெயிலின் சூடு தெரியும். சுற்றிலும் காடு.

அந்தக் காட்டில் யானை உண்டு. அதனால் வழியிலுள்ள குச்சவெளியில் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் கேட்டுவிட்டுக் கூடாரம் போடுங்கள், காலையில் குன்று ஏறுங்கள். மாரி மழைக்கு முன், செப்டெம்பருக்குள்.