ஜப்பானிய ஆம்ப்ளிஃபயர் வாங்குவோர் முதலில் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள்: டர்பனில் நான் ஏமாந்த கதை

டர்பனில் வீட்டு இசைக்கென்று உயர்தர ஆம்ப்ளிஃபயர் வாங்க எண்ணும் தமிழன்பர்கள், குறிப்பாக ஜப்பானில் பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்து விற்கும் கடைகளை நாடுவோர், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நான் 62,000 ராண்ட் கொடுத்து வாங்கிய ஆம்ப்ளிஃபயர் நான்காம் மாதமே ஒரு பக்கம் ஊமையாகிப் போனது. கடையின் பெயரை வெளியிடுவதில்லை என்று சமரசத்தின்போது கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆகவே பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறையில் என் தந்தையார் சேர்த்துவைத்த கர்நாடக இசைத்தட்டுகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. பணி ஓய்வு பெற்ற கையோடு, அவற்றை ஒருமுறையாவது நல்ல கருவியில் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையில் அந்தக் கடைக்குப் போனேன். கடையிலிருந்த இளைஞர் "வாங்க அங்கிள், உட்காருங்க" என்று தமிழிலேயே வரவேற்றார். டர்பனில் அந்த வயதுப் பிள்ளை தமிழ் பேசிக் கேட்பது அரிது என்பதால், பாதி எச்சரிக்கையை நான் அந்த இடத்திலேயே இழந்துவிட்டேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவர் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒரே ஸ்பீக்கர்களில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். இரண்டிலும் வால்யூம் குமிழ் ஒரே இடத்தில்தான் இருந்தது. விலை கூடியதில் வீணை அருகே வந்து உட்கார்ந்ததுபோல் ஒலித்தது. குமிழ் ஒரே இடத்தில் இருந்தால் ஒலியளவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நான் எண்ணியது பிழை. ஒவ்வொரு கருவியும் உள்ளே வரும் ஒலியை எத்தனை மடங்காக்குகிறது என்பது வேறுபடும். ஒலியளவின் அலகான டெசிபெல் ஒன்று கூடினால்கூட, சத்தம் கூடியதாகத் தோன்றாமல் தெளிவும் நெருக்கமும் கூடியதாகவே காதுக்குத் தோன்றும். ஸ்பீக்கர் முனைகளில் வோல்ட் மீட்டர் வைத்து இரண்டையும் சமமாக்கிய பிறகு ஒப்பிட்டிருந்தால், நான் அந்த விலைக்குப் போயிருப்பேனா என்பது ஐயமே.

விலைச்சீட்டில் 120 வாட் என்று எழுதியிருந்தது. ஜப்பானிய மொழிக் கையேட்டைப் பின்னர் ஒரு நண்பர் படித்துச் சொன்னபோது, அந்த அளவு 4 ஓம் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு) ஸ்பீக்கருக்கு உரியது என்றும், என் ஸ்பீக்கர் போன்ற 8 ஓமுக்கு 70 வாட்தான் என்றும் தெரிந்தது. இதைப் பெரிய மோசடியாக நான் கருதவில்லை. வாட் இரட்டித்தால்தான் ஒலி மூன்று டெசிபெல் கூடும் என்பதால், எழுபதுக்கும் நூற்றிருபதுக்கும் இடையே உள்ள வேறுபாடு அதற்கும் குறைவு. வீட்டு அறையில் அதற்காகத் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தூக்கத்தைக் கெடுத்தது வோல்ட். கருவியின் பின்பக்கத் தகட்டில் "100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று பொறித்திருந்தது. ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. நான் அதைக் கேட்டபோது, "அதுக்குத்தான் டிரான்ஸ்ஃபார்மர் தர்றோம் அங்கிள், கவலையே வேண்டாம்" என்று கனமான பெட்டி ஒன்றைக் காட்டி, அதற்கென்று தனியாக 1,800 ராண்ட் வாங்கிக்கொண்டார். அந்தப் பெட்டியின் மேல் 220–110 என்று எழுதியிருந்ததை நானும் பார்த்தேன். நூறும் நூற்றுப்பத்தும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று நினைத்தேன். கணக்கு வாத்தியாராக முப்பது ஆண்டு இருந்தவன் செய்யும் பிழையா இது?

அந்தப் பெட்டி வரும் வோல்ட்டைச் சரிபாதியாக்கும். நம் சுவரில் 230 இருந்தால் 115 வரும். எங்கள் தெருவில் இரவு நேரங்களில் 238 வரை ஏறுகிறது, அப்போது 119. நூறுக்கென்று செய்த கருவிக்கு நான் ஒவ்வொரு மாலையும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் கணங்களில் இன்னும் என்னென்ன பாய்ந்ததோ.

முதல் அறிகுறியை என் காதே சொல்லியது, நான்தான் கேட்கவில்லை. ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒரு பெண் பாடகரின் தட்டைப் போட்டால், தம்பூராவின் மந்தர சட்ஜம் (கீழ் ஸ்தாயி ச) வினாடிக்கு இரண்டு முறை அலைவதுபோல் கேட்டது. தட்டு தேய்ந்துவிட்டது என்று நினைத்து ஊசியை மாற்றினேன். உண்மையில் ஐந்து கட்டையின் அந்த மந்தர சட்ஜம் 98 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 98 அதிர்வு. மிகை வோல்ட்டால் திணறும் டிரான்ஸ்ஃபார்மரின் இரைச்சலோ, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இருமடங்கான 100 ஹெர்ட்ஸ். இரண்டும் உரசி, வேறுபாடான இரண்டு அதிர்வே வினாடிக்கு இரண்டு முறை அலையும் அந்த அலையாகக் கேட்டது. கருவியின் மேல்மூடியும் கைவைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. உயர்தரக் கருவி என்றால் சூடு இருக்கத்தான் செய்யும் என்று கடையில் தொலைபேசியில் சொன்னார்கள். எப்போதும் அதிக மின்னோட்டத்தில் இயங்கும் கிளாஸ் ஏ வகைக்கு அது பொருந்தும், நான் வாங்கியது அதைவிடக் குறைவாகச் சூடாகும் கிளாஸ் ஏபி வகை.

இடப்பக்கம் நின்றுபோனதும் கருவியைச் செய்த ஜப்பானிய நிறுவனத்தின் உள்ளூர் முகவரிடம் போனேன். ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்காகச் செய்த கருவிக்குத் தங்கள் உத்தரவாதம் இல்லை என்று வரிசை எண்ணைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள். பிறகு எங்கள் பகுதியில் ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தார். 46 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 55 இருந்தது. 50 வோல்ட் தாங்கும் என்று அச்சிட்டிருந்த பெரிய கெப்பாசிட்டர்களின் (மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் உருளைகளின்) தலைகள் புடைத்திருந்தன. "அண்ணே, இதுக்கு 230–100 டிரான்ஸ்ஃபார்மர்னு தனியா செய்யறாங்க. அதைக் கொடுத்திருந்தா இன்னும் இருபது வருஷம் ஓடியிருக்கும்" என்றார். சில கருவிகளில் உள்ளேயே இணைப்பை மாற்றி 230க்கு ஏற்றுக்கொள்ளலாம். இதன் டிரான்ஸ்ஃபார்மரில் 100 வோல்ட் கம்பிச்சுற்று ஒன்று மட்டுமே இருந்தது. அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் கருவியை வாங்க நினைப்போர், தகட்டில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் இருந்தால் விலகிவிடுங்கள் என்றும் அவரே எச்சரித்தார். 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்ஃபார்மர் மேலும் சூடாகுமாம்.

இங்கே நான் இன்னொரு பிழையைச் செய்திருந்தேன். தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008இன் 68ஆம் எண்) 56ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்து, பழுதுநீக்கமோ மாற்றுப்பொருளோ பணமோ எது வேண்டுமென்று வாங்கியவரே கேட்கலாம். நான் கடைக்குத் திருப்பித் தருவதற்கு முன்பே பெரியவரிடம் திறந்துவிட்டதால், "மூடியைக் கழற்றியது நீங்கள்தானே" என்று அதையே பிடித்துக்கொண்டார்கள். போதாததற்கு ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் ஃபுட்ஸ்டூட்ஸ், அதாவது உள்ளது உள்ளபடி, என்று அச்சிட்டிருந்ததையும் காட்டினார்கள். அந்த ஒரு சொல்லால் மட்டும் சட்டம் தரும் உரிமை போய்விடாது. எந்தக் குறை என்று வெளிப்படையாகச் சொல்லி, நாம் அதை அறிந்து ஏற்றிருக்க வேண்டும். மேலும், வணிகக்குறியின் உரிமையாளரது ஒப்புதல் இல்லாமல் இறக்குமதியான பொருள் என்றால் அதைத் தெளிவாக எழுதி ஒட்ட வேண்டும் என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. என் கருவியில் அப்படி ஒரு சீட்டும் இல்லை. இவ்விரண்டையும் குறிப்பிட்டு எழுத்தில் கடிதம் கொடுத்த பிறகுதான் இறங்கிவந்தார்கள்: கருவியை எடுத்துக்கொண்டு, இரண்டு தவணையில் 40,000 ராண்ட். டிரான்ஸ்ஃபார்மருக்கான பணம் தர மறுத்துவிட்டார்கள். அது தனி விற்பனையாம்.

சென்ற வாரம் அந்த வழியே போனேன். கண்ணாடி அலமாரியில் அதே வகைக் கருவி முன்முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. விலைச்சீட்டில் இப்போதும் 120 வாட்.