நோயாளியின் கையில் பார்கோடா, ஆர்எஃப்ஐடியா?

மருத்துவமனையில் அடையாளம் காண்பது என்றால் அதில் இரண்டு வேலை இருக்கிறது. மருந்தோ ரத்தமோ ஏற்றும்போது முன்னால் படுத்திருப்பவர் யார் என்று உறுதிசெய்வது ஒன்று. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்வது இன்னொன்று. ஆர்எஃப்ஐடி, அதாவது ரேடியோ அலையால் தொடாமலே படிக்கும் சில்லு வைத்த கைப்பட்டையைப் புகழ்பவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் பேசிவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் முடிவு வேறு மாதிரி வருகிறது.

செலவே இல்லாத வழி, வாயால் கேட்பது. பெயரோடு அடையாள அட்டை எண்ணையோ பிறந்த தேதியையோ சேர்த்து இரண்டு விவரம் சரிபார்க்க வேண்டும், படுக்கை எண்ணை நம்பக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'கிருஷ்ணன் எஸ்/ஓ ராமசாமி' என்பதில் எது தன் பெயர், எது அப்பா பெயர் என்று வேற்று நாட்டிலிருந்து வந்த தாதிக்கு உடனே புரியாது. ஒரே வார்டில் இரண்டு கிருஷ்ணன் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "மிஸ்டர் கிருஷ்ணன்?" என்று கூப்பிட்டால், காது மந்தமான பக்கத்துக் கட்டில் தாத்தாவும் மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிடுவார். அதனால்தான் பெயரைச் சொல்லி ஆமாவா என்று கேட்காமல், நோயாளியே தன் பெயரைச் சொல்லும்படி கேட்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் மயக்கத்தில் இருப்பவரும் மறதி நோய் வந்தவரும் பிறந்த குழந்தையும் எதைச் சொல்வார்கள்? கைப்பட்டை இல்லாமல் முடியாது.

பார்கோடு பட்டை மலிவு. வார்டிலேயே அச்சிட்டுக் கட்டிவிடலாம், கருவி எதுவும் இல்லாவிட்டாலும் அதில் அச்சிட்ட பெயரைக் கண்ணால் படிக்கலாம். அதன் பலன் அளக்கப்பட்டும் இருக்கிறது. பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், நேரம் தவறியவற்றைத் தவிர்த்த மற்ற மருந்துப் பிழைகள் 11.5 விழுக்காட்டிலிருந்து 6.8 விழுக்காடாகக் குறைந்தன. சின்ன விஷயமில்லை. ஆர்எஃப்ஐடியை வாங்கச் சொல்பவர்கள் பழைய காகித முறையோடு ஒப்பிட்டால் போதாது, இந்த 6.8-ஐ இன்னும் எவ்வளவு குறைப்பார்கள் என்று சொல்ல வேண்டும்.

பார்கோடின் தொல்லைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. நள்ளிரவில் தூங்குபவரின் போர்வையை விலக்கி, கையைத் திருப்பி, வெளிச்சம் போட்டுப் படிக்க வேண்டும். கிருமிநாசினி பட்டுப் பட்டு அச்சு மங்கும். குழந்தையின் விரல் தடிமன் கையில் நீளக் கோடுகள் வளைந்து படிக்க வராது. க்யூஆர் போன்ற சதுர வடிவக் குறியீடு வந்தபின் இது பெரும்பாலும் சரியாகிவிட்டது. இதைவிடப் பெரிய தொல்லை மனிதர்கள்தான். அமெரிக்காவில் 2008-ல் வந்த ஓர் ஆய்வு, பார்கோடு முறையைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழிகள் 15 வகை என்று பட்டியல் போட்டது. நோயாளியின் பட்டைக்கு இன்னொரு நகல் எடுத்து வண்டியில் ஒட்டி வைத்து, அதையே ஸ்கேன் செய்வது அதில் ஒன்று. படிக்கச் சிரமமாக இருப்பதுதான் இதற்கெல்லாம் ஒரு முக்கியக் காரணம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தச் சிரமத்தைத்தான் ஆர்எஃப்ஐடி குறைக்கிறது. ஆனால் எந்த ஆர்எஃப்ஐடி? 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் வகை பேருந்திலும் ரயிலிலும் கட்டணம் செலுத்தும் நம் ஈசிலிங்க் அட்டையில் இருப்பதுதான். சில சென்டிமீட்டர் அருகில் கருவியைக் கொண்டுபோனால் படிக்கும். போர்வைக்கு மேலிருந்தும் படிக்கும். அச்சு அழிந்திருந்தாலும் கவலையில்லை. இன்னொரு வகை யுஎச்எஃப், அதாவது இன்னும் உயர்ந்த அலைவரிசையில் இயங்குவது. சிங்கப்பூரில் இதற்கு 920 முதல் 925 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பல மீட்டர் தூரத்திலிருந்தே படிக்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

எனக்கு அந்தப் பெருமைதான் உறுத்துகிறது. ஆறு கட்டில் உள்ள வார்டில் தாதி கருவியை நீட்டினால் மூன்று பேரின் பட்டை சேர்ந்து பதில் சொல்லும். மருந்து யாருக்கு? ஆளை உறுதிசெய்யும் வேலைக்கு படிக்கும் தூரம் குறைவாக இருப்பதே நல்லது. போதாததற்கு, உடம்பில் உள்ள நீர் இந்த அலையை உறிஞ்சும். கையை மார்பின் கீழ் வைத்துப் படுத்திருந்தால் படிக்காமலும் போகும். ஆம்ஸ்டர்டாமில் 41 மருத்துவக் கருவிகளை வைத்து, நோயாளி இல்லாத தீவிர சிகிச்சை அறையில் நடத்திய சோதனை 2008-ல் வெளியானது. யுஎச்எஃப் வகையைச் சேர்ந்த 868 மெகாஹெர்ட்ஸ் ஆர்எஃப்ஐடி, 41 சோதனைகளில் 26 முறை கருவிகளைக் குழப்பியது. கருவிகள் அதன்பின் மேம்பட்டிருக்கும். இருந்தாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்குமுன் அங்குள்ள ஒவ்வொரு கருவியோடும் சோதித்துப் பார்க்காமல் நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆள் எங்கே என்று தேடும் வேலையில் கதை மாறுகிறது. 2003 சார்ஸ் தொற்றுக் காலத்தில் இங்கே சிங்கப்பூரில் 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் இறந்தார்கள். அப்போது அலெக்சாண்ட்ரா மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளி, பார்வையாளர், ஊழியர் எல்லாருக்கும் கழுத்தில் ஆர்எஃப்ஐடி அட்டை மாட்டினார்கள். யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார் என்ற விவரம் 21 நாள் சேமிக்கப்பட்டது. இதைப் பார்கோடு கனவிலும் செய்யாது. மறதி நோயாளி வார்டை விட்டு வெளியேறும்போது எச்சரிப்பதற்கும் தூரத்திலிருந்து படிக்கும் இந்த வகைதான் வேண்டும்.

அந்தரங்கம் பற்றி ஒரு வார்த்தை. காற்றில் திருடிவிடுவார்கள் என்று ஆர்எஃப்ஐடிக்குப் பயப்படுகிறோம். பட்டையில் அர்த்தமில்லாத ஓர் எண் மட்டும் இருந்தால், திருடியும் பிரயோஜனமில்லை. பெயரும் ஐசி எண்ணும் அச்சிட்ட சாதாரணப் பட்டையை வீடு திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தக் குப்பைத்தொட்டியில் போடுகிறோமே, அது பரவாயில்லையா?

ஆகவே பொது வார்டுகளுக்குச் சதுரக் குறியீடு போட்ட பார்கோடே போதும் என்பேன். இரவில் அடிக்கடி மருந்து கொடுக்கும் வார்டு, அறுவை அரங்கு, மகப்பேறு ஆகிய இடங்களில் கிட்டத்தில் படிக்கும் ஆர்எஃப்ஐடிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். அங்கேயும் பெயர் அச்சிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் கருவி பழுதாகும். யுஎச்எஃப் மருந்து கொடுக்கும் இடத்தில் வேண்டாம்.

மகப்பேறு வார்டுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. 2012-ல் கேகே மருத்துவமனையில் இரண்டு ஆண் குழந்தைகள் மாறி, தவறான பெற்றோரோடு வீட்டுக்கே போய்விட்டன. குழந்தையை அடையாளம் காணும் விதிமுறையைச் சரியாகப் பின்பற்றாததே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. தாயின் பட்டையும் குழந்தையின் பட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் அலறும் ஆர்எஃப்ஐடி ஜோடிகள் விற்பனைக்கு இருக்கின்றன. ஆனால் தப்பான கையில் கட்டிய பட்டையை அது சரியென்றே சொல்லும். ஆகவே ஜோடி சேர்ப்பது பிரசவ அறையிலேயே, குழந்தையை வேறெங்கும் தூக்கிச் செல்லும் முன்பே, தாய் பார்க்க நடக்க வேண்டும்.