ஓட்டா, கையெழுத்தா, அறிவிப்பா: புது அரசியலமைப்பை எப்படி ஏற்பது?

என் பெரியப்பா இன்னும் கல்யாணப் பத்திரிகை உறையில் ஊர்ப் பெயருக்குக் கீழே ‘வ.ஆ. மாவட்டம்’ என்றுதான் எழுதுகிறார். வட ஆற்காடு 1989-லேயே இரண்டாகப் பிரிந்துவிட்டது. நம் பக்கத்துப் பாதி பிற்பாடு வேலூர் மாவட்டமாகி, 2019-ல் அதுவும் மூன்றானது. அரசாணைக்கு மாவட்டம் உடனே மாறிவிடும், பெரியப்பாவின் பேனா மாறாது. நாங்கள் ஆடும் ஒரு இணைய விளையாட்டில் எங்கள் நாடுகளின் கூட்டத்துக்குப் புது அரசியலமைப்பு எழுதி முடித்த அன்று அந்த உறைதான் ஞாபகத்துக்கு வந்தது.

விளையாட்டின் பெயர் நேஷன்ஸ்டேட்ஸ். மேக்ஸ் பேரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் 2002 நவம்பரில் தன் நாவலுக்கு விளம்பரமாகத் தொடங்கியது. நாவலைப் படிக்காதவர்களும் இருபது வருஷத்துக்கு மேலாக விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாடாவது இருக்கும், நாடுகள் சேர்ந்தால் ஒரு ரீஜியன். எங்கள் ரீஜியனில் நாற்பது சொச்சம் நாடுகள், பெரும்பாலும் காட்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பசங்கள். சபையில் ஒன்பது பேர். நாங்கள் ஒன்பது பேரும் பதினொரு பக்கத்துக்கு எழுதி நிறைவேற்றிவிட்டோம். சண்டை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது: நிறைவேற்றியதே போதுமா, மற்றவர்கள் ஏற்க வேண்டாமா?

அலசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விளையாட்டின் மென்பொருளுக்கு நம் அரசியலமைப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்த முக்கியமான நாற்காலி இரண்டுதான். ஒன்று கவர்னர் (முன்பு நிறுவனர் என்றார்கள்). அவர் நினைத்தால் யாரையும் ரீஜியனை விட்டுத் தள்ளலாம். இன்னொன்று டெலிகேட், ரீஜியனின் பிரதிநிதி. உலக அவை என்று விளையாட்டுக்குள்ளேயே ஐ.நா. மாதிரி ஒன்று உண்டு, விரும்பியவர்கள் சேரலாம். அதன் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் எண்டார்ஸ்மென்ட், அதாவது ஆதரவு, தருவார்கள், யாரிடம் அது அதிகமோ அவரை ஒவ்வொரு அப்டேட்டிலும் மென்பொருளே டெலிகேட் ஆக்கிவிடும். அப்டேட் ஒரு நாளைக்கு இரண்டு முறை. நம் நேரத்துக்குக் காலையும் இரவும் ஒன்பதரைக்கு மேல், அமெரிக்கக்காரர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் குளிர்காலத்தில் பத்தரைக்கு மேல். ‘டெலிகேட் தேர்தலில் வர வேண்டும், பதவிக்காலம் நான்கு மாதம்’ என்று நாம் எத்தனை பக்கம் எழுதினாலும் அதற்குக் கவலையில்லை.

சபை நிறைவேற்றினாலே போதும் என்ற கட்சிக்குக் கையில் பெரிய உதாரணம் இருந்தது. இந்திய அரசியலமைப்பையே மக்கள் ஓட்டுக்கு விடவில்லையே! அரசியல் நிர்ணய சபை 2 வருஷம், 11 மாதம், 17 நாள் எடுத்து எழுதி 1949 நவம்பர் 26-ல் ஏற்றது. 1950 ஜனவரி 24-ல் 284 பேர் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு நாளில் குடியரசு. அந்தச் சபையையும் பெரும்பாலும் மாகாணச் சட்டசபைகள்தான் தேர்ந்தெடுத்தன. எல்லாம் சரி. ஆனால் அடுத்த இரண்டே வருஷத்தில் முதல் பொதுத்தேர்தல் வந்தது. வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு, அந்த அரசியலமைப்பின்படியே. கோடிக்கணக்கான பேர் வரிசையில் நின்றபோதே ஊர் அதை ஏற்றுவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஒன்பது பேருக்குப் பின்னால் வரிசையில் யார் நிற்கிறார்கள்? எங்களில் இரண்டு பேர் செமஸ்டர் தேர்வுக்கு நடுவில் அவசரமாக ‘ஆம்’ போட்டவர்கள்.

கவர்னர் ஒரு அறிவிப்பு போட்டால் முடிந்தது என்பது இன்னொரு வழி. இதைவிட வேகமானது கிடையாது, பொத்தானும் அவரிடம்தான் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 15-ல் முதல்வரின் சுதந்திர தின உரையில் ஒரு அறிவிப்பு வந்தது, எங்கள் ஆம்பூர் நண்பன் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரன் ஆகிவிட்டான். அவன் குறை சொல்லவில்லை, கலெக்டர் ஆபீஸ் பக்கமாக வந்தது என்றான். ஆனால் கேட்காமல் சுமத்தியது எப்படி முடியும் என்பதற்கு எங்கள் வேலூர்க் கோட்டையே சாட்சி. 1805 கடைசியில் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்று விதி வந்தது. 1806 ஜூலை 10 விடிவதற்குள் அகழிக்கு உள்ளே துப்பாக்கி வெடித்தது. விளையாட்டில் யாரும் சுட மாட்டார்கள், பேசாமல் வேறு ரீஜியனுக்குப் போய்விடுவார்கள். அதோடு, இன்று ஒரு வரியில் அறிவித்தவர் நாளைக்கு ஒரு வரியில் ரத்து செய்யலாமே.

எல்லாருக்கும் ஓட்டு என்பதுதான் கேட்க நன்றாக இருக்கிறது. நானும் முதலில் அந்தப் பக்கம்தான் இருந்தேன், காட்பாடி ஸ்டேஷன் எதிரே ஒரு டீக்கடையில் உட்காரும் வரைக்கும். எங்கள் ஜூனியர் பையன் ஒருவன் டீ ஆறுவதற்குள் போனில் ஒரு நாட்டில் நுழைந்து ‘ஆம்’ போட்டான், வெளியே வந்தான், இன்னொரு நாட்டில் நுழைந்தான், மறுபடியும் ‘ஆம்’. இப்படி நான்கு முறை. “என்னடா இது?” என்றேன். “நாலும் என் நாடுதாண்ணா. நான் இன்னா கள்ள ஓட்டா போட்டுக்கினு இருக்கேன்?” என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. ஒருவர் எத்தனை நாடு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள விளையாட்டு அனுமதிக்கிறது. இந்தக் கூடுதல் நாடுகளைப் பப்பட் என்பார்கள். நாற்பது சொச்சம் நாடு என்றேனே, எண்ணிப் பார்த்தால் ஆட்கள் இருபத்தாறு பேர்தான்.

இதற்கு மருந்து உண்டு. உலக அவையில் மட்டும் ஒருவருக்கு ஒரே நாடுதான். (2008 வரை அதற்கு ஐக்கிய நாடுகள் என்றே பெயர். நிஜ ஐ.நா. ஆட்சேபித்த பிறகு மாற்றினார்கள்.) வாக்கெடுப்பை அதன் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வைத்தால் பப்பட் தொல்லை இல்லை. ஆனால் அந்த அவையே வேண்டாம் என்று ஒதுங்கி இருக்கும் ஆறு பேருக்கு ஓட்டுப் போய்விடும். அப்புறம் மூன்றில் இரண்டு பங்கு என்றால் எதில் என்ற பழைய சண்டை: ஓட்டுப் போட்டவர்களிலா, மொத்தத்திலா? 28 நாள் எட்டிப் பார்க்காத நாட்டை விளையாட்டே அழித்துவிடும். 27-வது நாளில் தூங்குகிற நாட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஜெயித்தாலும் நிம்மதி இல்லை. ஐஸ்லாந்தில் 2012-ல் புது வரைவை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம் என்று ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சொன்னார்கள். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவே இல்லை.

மிச்சம் இருப்பது கையெழுத்து. ஒவ்வொரு நாடும் தன் பெயரில் ‘ஏற்கிறேன்’ என்று எழுத வேண்டும், எழுதியவரைத்தான் கட்டுப்படுத்தும். அமெரிக்க அரசியலமைப்பு வந்த வழி இது. 13 மாநிலங்களில் 9 ஏற்றால் அந்த ஒன்பதுக்குள் அமலாகும் என்று அதன் ஏழாவது பிரிவு சொன்னது. 1788 ஜூன் 21-ல் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக வந்தது. ரோட் ஐலண்ட் முறுக்கிக்கொண்டு 1790 மே 29 வரை இழுத்து, 34-க்கு 32 என்ற கணக்கில் உள்ளே வந்தது. அதற்குள் வாஷிங்டன் ஜனாதிபதியாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

மெதுவான வழிதான், ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொருவர் பின்னாலும் அலைய வேண்டும். சீட்டுப் பணம் வசூலிப்பவர் மாதிரி மூன்று வாரம் அலைந்தேன். ஆனால் நான்கு நாட்டில் புகுந்து ‘ஆம்’ அழுத்திய பையன், தன் பெயரில் ஒரு வரி எழுதச் சொன்னதும் முதல்முறையாகப் பதினொரு பக்கத்தையும் படித்தான். ஏழாம் பக்கத்தில் ஒரு தப்பும் கண்டுபிடித்தான். அதனால்தான் என் ஓட்டு கையெழுத்துக்கு. ஒரே நிபந்தனை, கவர்னர் முதல் ஆளாகப் போட வேண்டும். எல்லாரையும் வெளியே தள்ளக்கூடியவர் கடைசியில் போடலாம் என்று விட்டால் மற்ற கையெழுத்துக்கு அர்த்தமில்லை. அவரும் போட்டார், ‘சரிப்பா’ என்று ஒரே வார்த்தையில்.

இருபத்தொரு கையெழுத்து சேர்ந்தது. தேர்தல் வைத்தோம், ராணிப்பேட்டை அண்ணன் ஜெயித்தார். அன்று இரவு அப்டேட் முடிந்து பார்த்தால் பழைய டெலிகேட்டே உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் புதியவருக்கு எண்டார்ஸ்மென்ட் தரவில்லை, பழையவருக்குத் தந்ததைத் திரும்ப எடுக்கவும் இல்லை. மென்பொருள் அதைத்தானே எண்ணும்? கடைசியில் பழையவரே ஒவ்வொருவரிடமும் “எனக்குக் கொடுத்ததை எடுத்துடுப்பா” என்று கேட்டு, நாற்காலி மாற ஒன்பது நாள் ஆயிற்று.

பட்டியலை எடுத்து வைத்துச் சரிபார்த்தபோது ஒரு நாடு கண்ணில் பட்டது. கையெழுத்துப் போடவில்லை, தேர்தலில் ஓட்டும் போடவில்லை, ரீஜியனின் செய்திப் பலகையில் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆனால் முடிவு வந்த அன்றே, எங்கள் சபைக்காரர்கள் எல்லாருக்கும் முன்னால், அதன் எண்டார்ஸ்மென்ட் பழையவரிடமிருந்து புதியவருக்கு மாறியிருந்தது. எங்கள் அரசியலமைப்பின் மூன்றாவது பிரிவுப்படி கையெழுத்துப் போடாதவர் விருந்தினர், குடிமகன் இல்லை. அடுத்த தேர்தலில் அதற்கு ஓட்டு உண்டா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.