போர் தண்ணீரா, கேன் தண்ணீரா, கூலண்டா: கடலோர ரேடியேட்டருக்கு எது பொருந்தும்?

உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று கடலை ஒட்டியே ஓடும் வண்டிகளில், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டருக்குள் ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர், குடிக்க விற்கும் கேன் தண்ணீர், எஞ்சினைக் குளிர்விக்கவென்றே விற்கும் திரவமான கூலண்ட் ஆகிய மூன்றில் ஒன்றுதான் ஊற்றப்படுகிறது. தண்ணீர் உறையும் குளிர் இங்கே கிடையாது என்பதால் கூலண்ட் வீண் செலவு என்பார்கள் சிலர். வெப்பத்தை ஏந்திச் செல்வதில் வெறும் தண்ணீர் கூலண்டைவிடச் சற்று மேல் என்பதும் உண்மைதான். ஆனால், நம் பக்கத்தில் கூலண்டின் வேலை உறையாமல் காப்பதன்று, அரிக்காமல் காப்பது.

போர் தண்ணீரில் இரண்டு கேடுகள் உள்ளன. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, எஞ்சினின் மேல்பகுதியான, சூடு மிகுந்த சிலிண்டர் ஹெட்டைச் சுற்றிக் காறையாகப் படிந்து, உலோகத்திலிருந்து வெப்பம் வெளியேறவிடாமல் தடுக்கிறது. அதைவிடக் கொடியது உப்பிலுள்ள குளோரைடு. அலுமினியத்தின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை உடைத்துப் புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். இரண்டு ஆண்டுகள் போர் தண்ணீரிலேயே ஓடிய என் குட்டியானை சரக்கு வண்டியில், ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கழற்றியபோது, அலுமினியக் குழாயின் விளிம்பு வெள்ளை மாவாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் ஒரு துண்டு உதிர்ந்து கையோடு வந்துவிட்டது.

கேன் தண்ணீரில் உப்பு குறைவு. ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து எதுவும் அதில் இல்லை. தனுஷ்கோடிச் சாலையில் வண்டி சூடாகி நின்றால், ஆறிய பிறகு ஊற்றி வீடு வந்து சேரலாம். அதற்கு மேல் அதை நம்பக்கூடாது.

கூலண்டிலேயே நேரடியாக ஊற்றுவது, கலந்து ஊற்றுவது என்று இரண்டு வகை உண்டு. பின்னதை வாங்கிப் போர் தண்ணீரில் கலப்பவர், கொடுத்த காசையும் கடலில் போடுகிறார். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைச் சரிபாதியாகக் கலப்பதே முறை. பழையதை முழுவதும் கழுவி மாற்றும்போது எஞ்சினுக்குள் தங்கிவிடும் தண்ணீர் நேரடிக் கூலண்டை நீர்க்கச் செய்துவிடும் என்பதால், அந்த வேலைக்கு நான் கலக்கும் வகையைத்தான் எடுப்பேன். அளவு குறைந்தால் நிரப்ப நேரடி வகையே எளிது. பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்குவது ஏமாற்றும்; வண்டியின் கையேடு சொல்லும் வகையே கணக்கு.

சரிபாதிக் கலவை திறந்த நிலையில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் 125ஐயும் தாண்டும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எந்தக் கூலண்டும் அந்தப் பலனைத் தராது.

உள்ளே எதை ஊற்றினாலும், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் உப்புக்காற்று படிந்துகொண்டேதான் இருக்கும். எஞ்சின் ஆறிய பின், நல்ல தண்ணீரை உள்பக்கத்திலிருந்து வெளிநோக்கி மெதுவாகப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அதன் பிறகும் வண்டி சூடேறி, மேல் ஹோஸ் கொதிக்கக் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. ரிசர்வ் டப்பாவில் குமிழிகள் இடைவிடாமல் வந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது ஊற்றுவதை நிறுத்திவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவதே குறைந்த செலவு.