காவோட், பூரே: எண்ணிக்கை ஒன்று, எடுப்பு வேறு

காவோட், பூரே இரண்டும் மேற்கத்திய இசையில் வரும் பழைய பிரெஞ்சு நடனங்கள். இரண்டுக்கும் பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) இரண்டு மினிம்; ஒரு மினிமுக்கு இரண்டு கிராட்செட், ஒரு கிராட்செட்டுக்கு இரண்டு குவேவர். இரண்டும் இரு பாகமாக வரும், ஒவ்வொரு பாகத்தையும் திருப்பி வாசிக்க வேண்டும். அதனால்தான் மாணவர்கள் வாசித்தால் எது காவோட், எது பூரே என்று தலைப்பைப் பார்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. வேகம் காட்டும் மெட்ரோனோமைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. வித்தியாசம் எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில், இருக்கிறது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க பாஹின் ஐந்தாம் பிரெஞ்சு சூட் (நடனத் தொகுப்பு; பாஹ் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 816) போல வசதி வேறில்லை. ஜி மேஜரில் காவோட் முடிந்ததும் அதே ஜி மேஜரில் பூரே. கர்நாடக சங்கீதத்தில் பழகிய காதுக்கு இரண்டுமே அதீத எடுப்புதான்: சமம் (பாரின் முதல் தட்டு) விழுவதற்கு முன்பே பாட்டு தொடங்கிவிடுகிறது. எவ்வளவு முன்பு என்பதுதான் கேள்வி. காவோட் அரை பார் முன்னால், இரண்டு கிராட்செட். பூரே கால் பார் முன்னால், ஒரு கிராட்செட். பல இடங்களில் அது இரண்டு குவேவராகப் பிரிந்து வரும்.

இந்தச் சின்ன வித்தியாசம் நடையையே மாற்றிவிடுகிறது. காவோட்டில் ஒவ்வொரு வரியும் பாரின் நடுவில் தொடங்கி, இன்னொரு பாரின் நடுவில் முடிகிறது. வரி முடிந்த இடத்தில் விரலையோ வில்லையோ தூக்காவிட்டால் அடுத்த எடுப்பு அதற்குள் விழுங்கப்பட்டுவிடும். இன்னொரு பெரிய தவறு, எடுப்பின் முதல் கிராட்செட்டை அழுத்துவது. அழுத்தினால் கேட்பவர் அதையே சமமாக எடுத்துக்கொள்வார்; பிறகு முழு பாகமும் அவருக்கு அரை பார் தள்ளியே கேட்கும். 'மூணு, நாலு' என்று வாய்விட்டுச் சொல்லி, அடுத்த 'ஒண்ணு'க்கு மட்டும் எடை கொடுங்கள். செல்லோவில் எடுப்பை இறக்குவில், ஏற்றுவில் என்று தனித்தனியாக எடுத்தால் சமத்துக்கு இறக்குவில் தானாகவே வந்து சேரும். இரண்டு கிராட்செட்டும் சற்றுக் குறுகி, நடுவே காற்று புக வேண்டும்.

பூரேயில் அந்தத் தூக்கலுக்கு நேரமில்லை. எடுப்பு சமத்துக்குள் ஓடிப் பாய்கிறது. வரி நாலு பார் வரை மூச்சு விடாமல் போகலாம். நடுவில் சில சமயம் 'கிராட்செட், மினிம், கிராட்செட்' என்று மினிம் இடம் தள்ளி வரும். அந்த மினிமைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அங்கே காவோட் பாணியில் தனித்தனியாகத் தட்டினால் பூரே நொண்டும்.

டெம்போவுக்கு (வேகத்துக்கு) வருவோம். ஜெர்மன் புல்லாங்குழல் கலைஞர் குவாண்ட்ஸ் 1752-இல் நாடித் துடிப்பை நிமிடத்துக்கு 80 என்று கணக்கிட்டு, பூரேக்கு ஒரு பாருக்கு ஒரு துடிப்பு என்கிறார். அப்படியானால் மினிம் நிமிடத்துக்கு 160. பாஹின் எழுத்து பல இடங்களில் அதைத் தாங்காது. காவோட் அதைவிடச் சற்று நிதானம் என்பது அவர் சொன்னதில் அப்படியே பயன்படுவது. என் பரிந்துரை: காவோட்டுக்கு மினிம் 66 முதல் 80 வரை, பூரேக்கு 84 முதல் 100 வரை. மினிமில் எண்ணுங்கள், கிராட்செட்டில் எண்ணினால் இரண்டுமே அணிவகுப்பாகிவிடும்.

பாவத்தில் (உணர்ச்சியில்) ஒரு ஆச்சரியம் உண்டு. 1739-இல் ஜெர்மன் இசை எழுத்தாளர் மத்தேசன் காவோட்டுக்குக் கொடுத்தது ஆர்ப்பரிக்கும் மகிழ்ச்சி, அதுவும் ஓடாமல் துள்ளும் மகிழ்ச்சி. பூரேக்குக் கொடுத்தது மனநிறைவு, கவலையற்ற, கொஞ்சம் அசட்டையான போக்கு. வேகமான நடனம்தான் இரண்டில் அதிகம் அலட்டிக்கொள்ளாதது! பூரேயை முறுக்கேற்றி, பல்லைக் கடித்து வாசிப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கீ (ஜி மேஜர், ஈ மைனர் போன்ற ஸ்வர அமைப்பு) நிறத்தை மாற்றும், நடையை மாற்றக்கூடாது. கிட்டார் கலைஞர்கள் விரும்பும் பி.டபிள்யூ.வி. 996-இன் பூரே ஈ மைனரில் இருக்கிறது. மைனர் என்றதும் சோகம் என்று நினைத்து இழுத்து வாசிக்கிறார்கள். எடுப்பின் இரண்டு குவேவரும் அப்போது தனிச் சொற்களாக நின்றுவிடுகின்றன. சமத்தை நோக்கிப் பாயும் துடிப்பு போய்விடுகிறது. மூன்றாம் செல்லோ சூட்டில் முதல் பூரே சி மேஜர், இரண்டாவது சி மைனர். மைனருக்குப் போகும்போது ஒலியைக் குறையுங்கள், வில்லை இன்னும் கட்டாக வையுங்கள், மெட்ரோனோமை மட்டும் தொடாதீர்கள்.

ஐந்தாம் செல்லோ சூட்டின் காவோட்டுகள் இரண்டும் சி மைனர். இங்கே டெம்போவை முதலாவதில் தேடாதீர்கள். இரண்டாவது முழுக்க டிரிப்லெட்டாக (ஒரு கிராட்செட்டுக்கு மூன்று ஸ்வரமாக) ஓடுகிறது: மினிம் 72 என்றால் வினாடிக்கு ஏழு ஸ்வரத்துக்கு மேல். அந்த டிரிப்லெட்டுகள் தெளிவாக விழும் வேகத்தை முதலில் கண்டுபிடித்து, அதையே முதல் காவோட்டுக்கும் வையுங்கள். முதலாவதை உற்சாகத்தில் 84-க்கு எடுத்துவிட்டு இரண்டாவதில் வேகத்தைக் குறைப்பவர்கள், திரும்ப முதலாவதுக்கு வரும்போது எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தடுமாறுவார்கள்.

முதன்முதலாக பரோக் (பாஹ் காலத்து) நடனம் கற்பவருக்கு எதைக் கொடுப்பது? பூரே சீக்கிரம் கைக்கு வரும். ஆனால் நான் காவோட்டையே கொடுப்பேன், அதுவும் வாத்தியத்தை எடுக்குமுன் ஒரு வாரம் கைதட்டிப் பாடவைத்து. இடது காலைச் சமத்தில் ஊன்றி, 'மூணு, நாலு'க்குக் கையை மேலே தூக்கிப் பாடத் தெரிந்துவிட்டால், பிறகு பூரேயின் ஒற்றை எடுப்பு அவருக்கு ஒரே நாளில் பிடிபடும்.