அடிவானக் கணக்கா, வான நடுக்கோட்டுக் கணக்கா?

ஒரு நட்சத்திரத்தின் இடத்தைச் சொல்ல இரண்டு வழி உண்டு. அடிவான முறையில் எந்தத் திசை, எத்தனை டிகிரி உயரம் என்று சொல்கிறோம். அண்ணாந்து பார்த்துக் கைகாட்ட இதுவே போதும். ஆனால் பூமி சுழல்வதால் அந்த எண்கள் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். வேறு ஊர்க்காரருக்கு உதவாது.

இன்னொன்று, பூமியின் நடுக்கோட்டை வானம்வரை நீட்டி அளப்பது. சிரியஸ் என்ற நட்சத்திரத்தின் வல ஏற்றம் (அந்தக் கோட்டின் வழியே கிழக்கு நோக்கி, மணிக்கணக்கில் சொல்லும் அளவு) 6 மணி 45 நிமிடம், நடுவரை விலக்கம் (அந்தக் கோட்டுக்கு வடக்கே +, தெற்கே −) −16.7 டிகிரி. எங்கிருந்து பார்த்தாலும் இதே எண்கள்தான்.

பருவங்களைப் புரிந்துகொள்ள எனக்கு இதுதான் பிடிக்கும். சூரியனின் விலக்கத்தை மட்டும் கவனியுங்கள்: மார்ச் 20 வாக்கில் 0, ஜூன் 21 வாக்கில் +23.4, செப்டம்பரில் மறுபடி 0, டிசம்பரில் −23.4. பூமியின் அச்சுச் சாய்வு அப்படியே எண்ணாக வந்து நிற்கிறது! பருவங்கள் மாறுவதற்குச் சூரியனின் தூரம் காரணமில்லை. பூமி சூரியனை மிகவும் நெருங்குவது ஜனவரித் தொடக்கத்தில், வடக்கே குளிர் நடுங்கும்போது.

சரி, அடிவான முறையை ஒதுக்கிவிடலாமா? கூடாது. வெப்பத்தைத் தீர்மானிப்பது வானில் சூரியனின் உயரம்தானே. கடகரேகைக்கு வடக்கே, 90லிருந்து அட்சரேகையைக் கழித்து விலக்கத்தைக் கூட்டினால் நண்பகல் சூரியனின் உயரம் கிடைக்கும். 50 டிகிரி வடக்கில் ஜூனில் 63.4, டிசம்பரில் 16.6. அதே வெயில் டிசம்பரில் ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்பில் பரவிவிடுகிறது.