அலாஸ்காவில் வேட்டைக்கு முன்பணம் கட்டப் போகும், தற்காலிக விசாவில் இருக்கும் நண்பர்கள் கவனத்துக்கு

அலாஸ்காவில் காரிபூ (ஒரு வகைப் பனிப்பிரதேச மான்) வேட்டைக்கு ஏற்பாடு செய்து தருகிறேன் என்று சொன்ன ஒருவரிடம் 6,500 டாலர் முன்பணம் கொடுத்தேன். பணம் போய்விட்டது. அவர் உரிமம் இல்லாத ஆள் அல்ல. மாநில அரசே கொடுத்த, காலாவதியாகாத, அசல் உரிமம் அவரிடம் இருந்தது. ஆனால் அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு என்னிடம் பணம் வாங்க அவருக்குச் சட்டப்படி இடமில்லை. இந்த ஓட்டை வழியாக இன்னும் எத்தனை பேர் பணத்தை இழப்பார்களோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

வேட்டையே தவறு என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்தியாவில் வேட்டை என்றாலே குற்றம் என்றுதான் பதிந்திருக்கிறது. அந்த விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அலுவலக நண்பர்களோடு சேர்ந்து துப்பாக்கிப் பயிற்சி எடுத்து, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் முடித்து, முறையாகப் போகும் தமிழர்கள் இப்போது இருக்கிறார்கள். இது அவர்களுக்காக.

முதலில் சட்டம். அலாஸ்காவில் குடியிராத அமெரிக்கக் குடிமகன் ஒருவர் காரிபூவையோ மூஸ் என்ற பெரிய மானையோ கைடு (வேட்டை வழிகாட்டி) இல்லாமலே வேட்டையாடலாம். பழுப்புக் கரடி, டால் செம்மறி என்ற காட்டுச் செம்மறி, மலை ஆடு ஆகிய மூன்றுக்கு மட்டும்தான் அவருக்கு உரிமம் பெற்ற கைடோ, அலாஸ்காவில் வாழும் நெருங்கிய உறவினரோ கூட வர வேண்டும். நமக்கு அப்படி இல்லை. நீங்கள் அமெரிக்கக் குடிமகனாகவும் இல்லாமல், உங்கள் நிரந்தர வசிப்பிடம் அமெரிக்காவிலும் இல்லாமல் இருந்தால், பெரிய விலங்கு எதை வேட்டையாடினாலும் அலாஸ்கா உரிமம் பெற்ற கைடு உடன் இருந்தே ஆக வேண்டும். கிரீன் கார்டு வாங்கி அமெரிக்காவிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர் இதில் வர மாட்டார்; என்னைப் போலத் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல். வேட்டை உரிமக் கட்டணமும் வேறு: வெளிமாநிலக் குடிமகனுக்கு 160 டாலர், நமக்கு 630. சுடும் விலங்குக்கு வாங்க வேண்டிய டேக் என்ற அடையாளச் சீட்டின் கட்டணம் அதற்கு மேல்.

இந்தச் சட்டம் என்னைப் போன்றவர்களைத் தேடிப் பிடிக்க ஒரு நல்ல வழியாக அமைந்துவிட்டது. எங்கள் குழுவில் என்னைத் தவிர மற்றவர்கள் குடிமக்கள். அவர்களுக்குச் சிறு விமானத்தில் கொண்டுபோய் இறக்கிவிட ஆள் இருந்தால் போதும். எனக்கு மட்டும் கைடு வேண்டும். முழுக் குழுவுக்கும் கைடு வைத்தால் செலவு பல மடங்காகிவிடும். அப்போதுதான் இவர் வந்தார். "உங்களுக்கு மட்டும் நான் வருகிறேன், சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும்" என்றார். உரிமத்தைப் படமெடுத்து அனுப்பினார். உரிம எண், முடியும் தேதி எல்லாம் சரி. ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் மாதிரி ஒன்றில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். முன்பணத்தை ஜெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை) அனுப்பச் சொன்னார்.

எங்களைக் காட்டுக்குள் கொண்டுபோக வேண்டிய விமானி, கிளம்புவதற்கு முன் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "உங்களோடு ஒப்பந்தம் போட்ட ரெஜிஸ்டர்டு கைடு யார்?" நான் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அந்த மனிதர் அசிஸ்டன்ட் கைடு, அவரால் ஒப்பந்தம் போட முடியாது, இந்த நிலையில் உங்களை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த விமானிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அன்று அவர் வாய் திறக்காமல் என்னைக் கொண்டுபோய் விட்டிருந்தால், நான் ஒரு காரிபூவைச் சுட்டு, இறைச்சியைக் கட்டி எடுத்துக்கொண்டு வாஷிங்டன் மாநிலத்துக்குத் திரும்பியிருப்பேன். சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்ற விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவது 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி மத்திய அரசுக் குற்றம். சட்டவிரோத வேட்டைக்கு வழிகாட்டும் சேவையைக் காசு கொடுத்து வாங்குவதையும் அந்தச் சட்டம் விடுவதில்லை. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் கைது, வழக்கு எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். பணம் போனதை விட இதுதான் எனக்கு இன்றும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அந்த ஆளுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். இரண்டு முறை எடுத்து "நாளை வருகிறேன்" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. நண்பர்கள் வேட்டைக்குப் போனார்கள், நான் ஊர் திரும்பினேன். ஜெல்லில் நாமே அனுப்பிய பணம் என்பதால் வங்கி கைவிரித்துவிட்டது.

சரி, இந்த உரிமங்கள் என்னென்ன? இது தெரிந்தால் பாதிப் பாதுகாப்பு வந்துவிடும். ரெஜிஸ்டர்டு கைடு-அவுட்ஃபிட்டர் என்பவர்தான் வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போட்டு வேட்டையை நடத்தக்கூடியவர். இவர்களில் அனுபவம் மிகுந்தவர்களுக்கு மாஸ்டர் கைடு என்ற பட்டம் உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் போட்டவர் அந்த வேட்டையின்போது குறைந்தது ஒரு முறையாவது களத்தில் உங்களோடு நேரில் இருக்க வேண்டும். வழிகாட்டுவதற்கு மாநிலம் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளில் ஒருவர் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் பதிவு செய்துகொள்ள முடியாது. அசிஸ்டன்ட் கைடும் கிளாஸ்-ஏ அசிஸ்டன்ட் கைடும் ரெஜிஸ்டர்டு கைடிடம் வேலை பார்ப்பவர்கள். உங்களுக்கு வழிகாட்டலாம், உங்களோடு ஒப்பந்தம் போடக் கூடாது. டிரான்ஸ்போர்ட்டர் உங்களை விமானத்திலோ படகிலோ கொண்டுபோய் விடுவார், திரும்பக் கொண்டுவருவார். விலங்கைத் தேடித் தருவது, பின்தொடர உதவுவது எதுவும் அவர் வேலை அல்ல. "டிரான்ஸ்போர்ட் பேக்கேஜ், கைடும் சேர்த்து" என்று யாராவது விற்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

மாநில வணிகத் துறையின் இணையதளத்தில் தொழில் உரிமத் தேடல் இருக்கிறது. பெயரைப் போட்டால் உரிமத்தின் வகை வந்துவிடும். உரிமம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், எந்த வகை என்று பாருங்கள். நீங்கள் போகும் பகுதிக்கு அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று துறைக்கு எழுதிக் கேளுங்கள். பணத்தை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கார்டு வாங்க மாட்டேன் என்கிறவருக்கு முன்பணமே வேண்டாம்.

இந்த உரிமங்களைக் கொடுப்பதும் பறிப்பதும் பிக் கேம் கமர்ஷியல் சர்வீசஸ் போர்டு என்ற வாரியம். அங்கே புகார் கொடுத்தேன். விசாரணை நடக்கும்போது விவரம் வெளியே சொல்ல மாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் வாரியத்தின் விசாரணை உரிமத்தைப் பற்றியது: கண்டிக்கலாம், அபராதம் போடலாம், உரிமத்தை நிறுத்தலாம். என் பணத்துக்கு நான் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அலாஸ்காவில் 10,000 டாலர் வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே கேட்கலாம். அந்த வழக்கைத் தொடுத்திருக்கிறேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இந்த வாரியத்தை யார் கண்காணிக்கிறார்கள் என்று தேடிப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது.

அலாஸ்காவில் 1977-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி உரிம வாரியங்களுக்கு ஆயுள் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதி வரும்போது சட்டமன்றம் நீட்டிக்காவிட்டால் வாரியம் முடிந்தது, கணக்குவழக்கை முடிக்க ஓராண்டு அவகாசம் மட்டும் உண்டு. ஒரு முறைக்கு அதிகபட்சம் எட்டு ஆண்டுகள்தான் நீட்டிக்கலாம். அதற்கு முன் சட்டமன்றத்தின் தணிக்கைப் பிரிவு, வாரியம் பொதுமக்கள் நலனுக்காக வேலை செய்கிறதா, புகார்களை எப்படிக் கையாள்கிறது என்று ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். வேட்டைக் கைடுகளுக்கான இந்த வாரியமே ஒரு காலத்தில் மூடப்பட்டு, 2005-இல் சட்டமன்றம் மறுபடி உருவாக்கியதுதான். அதாவது இந்தக் கடிவாளம் வெறும் காகிதத்தில் இருப்பது அல்ல. மிக நல்ல ஏற்பாடு. நம் ஊரிலும் வேண்டும் என்று நான் ஆசைப்படும் ஏற்பாடு.

ஆனால் அந்த நேரத்தில் யார் பேசுகிறார்கள்? வாரியத்தில் ஒன்பது பேர். கைடுகள் இருவர், டிரான்ஸ்போர்ட்டர்கள் இருவர், தனியார் நில உரிமையாளர்கள் சார்பில் இருவர், பொதுமக்கள் இருவர், வேட்டை விதிகளை வகுக்கும் போர்டு ஆஃப் கேமிலிருந்து ஒருவர். காசு கொடுக்கும் வாடிக்கையாளருக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலம், வெளிநாடு. அவர்களுக்கு அலாஸ்காவில் ஓட்டும் கிடையாது. விசாரணைச் செலவு உட்பட வாரியத்தின் செலவை உரிமதாரர்கள் கட்டும் கட்டணத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். விசாரணை கூடினால் கைடுகளின் கட்டணமும் கூடும். நேர்மையாகத் தொழில் செய்யும் கைடு, எவனோ செய்த திருட்டுக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்பது இயல்புதான். அதற்கு எதிரில் உட்கார்ந்து, ஏமாந்தவன் சார்பில் பேச ஆள் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

சட்டமன்றத்தின் கவனமும் பெரும்பாலும் நிலத்தின் மேல்தான். கைடுகளுக்குத் தனித்தனிப் பகுதி ஒதுக்கும் பழைய முறையை, வனவிலங்கு எல்லாருக்கும் பொது என்ற அரசியலமைப்பு விதியைக் காட்டி மாநில உச்ச நீதிமன்றம் 1988-இல் ஓசிசெக் வழக்கில் ரத்து செய்தது. அன்று முதல் மாநில நிலங்களில் கைடுகள் நெருக்கியடிக்கிறார்கள் என்பது பெரிய பிரச்சினை. அதைத் தீர்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் 2024-இல் இந்த வாரியத்தின் நீட்டிப்பு, கூட்டத்தொடரின் கடைசி நேரத்தில், முதியோர் ஆணையம், குழந்தைப் பராமரிப்பு போன்ற விஷயங்களோடு ஒரே மசோதாவில் சேர்ந்து போனது. அப்படிப் போகும் மசோதாவில் முன்பணம் இழந்தவனின் கேள்விக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அசிஸ்டன்ட் கைடின் உரிம அட்டையிலேயே "வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போட அதிகாரம் இல்லை" என்று அச்சிட வேண்டும். வேட்டை முடியும் வரை முன்பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அடுத்த தணிக்கையில் வாடிக்கையாளர்களிடமும் கேள்வி கேட்டு அறிக்கையில் சேர்க்க வேண்டும். இதைத் தணிக்கைப் பிரிவுக்கும் சட்டமன்றக் குழு உறுப்பினர்களுக்கும் கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். குழுக் கூட்டங்களில் பொதுமக்கள் தொலைபேசி வழியாகவும் பேசலாம், எழுத்து மூலமும் கருத்து அனுப்பலாம்.

இதே மாதிரி அசிஸ்டன்ட் கைடிடமோ டிரான்ஸ்போர்ட்டரிடமோ பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், ஒப்பந்தத்தின் நகல், பணம் அனுப்பிய ரசீது, உரிமத் தேடல் பக்கத்தின் படம் மூன்றையும் சேர்த்து வாரியத்துக்குப் புகார் அனுப்புங்கள். அதன் நகலைச் சட்டமன்றத் தணிக்கைப் பிரிவுக்கும் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.